அணையாத விளக்குக்கு யார் சொந்தக்காரர்?

முன்னொரு காலத்தில், ஓயாமல் காற்று வீசுகிற ஒரு தேசத்தில், விளக்கை ஏற்றி வாசல்வரை கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் ராஜா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்து, ரசம் என்று நினைத்துப் பாயசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். வந்த கோபத்தில், காற்றில் அணையாத விளக்கு வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

சில மாதங்களில் விளக்கு வந்துவிட்டது. சுடரைச் சுற்றிச் சுரைக்காய் மாதிரி ஒரு கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான். புயலே வந்தாலும் சுடர் அசையவில்லை. அரண்மனையிலும் தெருக்களிலும் அதையே மாட்டினார்கள். ராஜாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கண்டுபிடித்தவர் பெயரைக் கல்லில் வெட்டிக் கோட்டை வாசலில் நிறுத்தப்போவதாகச் சொன்னார்.

உடனே சண்டை ஆரம்பித்தது. செய்யச் சொல்லிப் பறையறைவித்தது தான்தான், எனவே விளக்கு தன்னுடையது என்றார் மந்திரி அரிகேசரி. கண்ணாடிக்கு வேண்டிய மணலை அள்ளி வந்தது தன் வீரர்கள் என்றார் தளபதி இரும்பாரை. அதற்கு ‘வாடாச்சுடர்’ என்று பெயர் வைத்ததே தான்தான், பெயர் இல்லாவிட்டால் பொருள் ஏது என்று கேட்டார் புலவர் நாவினியர். சபையிலேயே ஒருவர் சால்வையை ஒருவர் இழுக்கத் தொடங்கினார்கள்.

மூன்று பேருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. விகடகவி சடையாண்டியைக் கண்டால் ஆகாது. அதனால் மந்திரி ஒரு யோசனை சொன்னார். சடையாண்டியே நாளைக்குத் தீர்ப்புச் சொல்லட்டும். அதைக் கேட்டுத் தங்களில் ஒருவர் குறை சொன்னாலும் அவன் நாட்டைவிட்டுப் போகவேண்டும். வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜா தலையாட்டிவிட்டார்.

சடையாண்டி யோசித்துப் பார்த்தான். யார் பெயரைச் சொன்னாலும் மற்ற இருவரும் குதிப்பார்கள். மூட்டையைக் கட்டிவிடலாம் என்ற முடிவோடு கடைத்தெரு வழியாக நடந்தான். அங்கே யானைப்பாகன் ஒருவன் அந்த விளக்கைச் செய்தவனைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தான். சடையாண்டி நின்று கேட்டான். முகம் மலர்ந்தது. மூட்டையை மறந்துவிட்டு ஊரைச் சுற்றினான்.

மறுநாள் சபையில் கைகூப்பி நின்றான். “மகாராஜா, விளக்கால் வந்த புகழ் கண்டுபிடித்தவருக்கு என்றால், அதனால் வந்த தொல்லைக்கும் அவர்தானே பொறுப்பு?”

நியாயம்தான் என்றார் ராஜா.

முதலில் யானைப்பாகன் வந்தான். சுவரில் தன் நிழலைப் பார்த்து மிரண்ட பட்டத்து யானை ராஜாவின் வாழைத்தோட்டத்தையே மிதித்துவிட்டதாம். அடுத்து ஒரு மாப்பிள்ளை வந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் வழுக்கையைப் பார்த்துப் பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம். தனக்கு வேறு பெண் பார்த்துத் தரவேண்டும் என்று அழுதான்.

மூன்றாவதாக எழுந்தது மகாராணி.

“வைத்தியர் இனிப்பு கூடாது என்று சொன்னதிலிருந்து, சமையற்கட்டில் அதிரசத்தைக் காலி செய்வது எலி என்று நினைத்திருந்தேன். இந்த விளக்கு வந்த பிறகுதான் எலிக்குக் கிரீடம் இருப்பது தெரிந்தது. என் நிம்மதியைக் கெடுத்தவர் யார்?”

சபை முழுக்கத் தரையைப் பார்த்தது. ராஜாவின் காது சிவந்துவிட்டது. அந்த ஆளைத் தானும் பார்க்க வேண்டும் என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

விளக்குக்கு உயிரே மணல்தான், பெருமை தளபதிக்கே என்றார் மந்திரி அவசரமாக. மணல் ஆற்றுடையது, பெயர் வைத்தவர் புலவர் என்றார் தளபதி. பெயர் வைத்தவனெல்லாம் தகப்பன் ஆகமுடியுமா, ஆரம்பித்தவர் மந்திரி என்றார் புலவர்.

அப்போது கூட்டத்தின் கடைசியில் வளையல்கள் கலகலத்தன. ராணிக்கு வளையல் கொண்டுவந்திருந்த செங்கமலம் இடுப்பில் கூடையோடு ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நான் செய்தது சாமி. வளையலுக்கு உருக்கின கண்ணாடியை ஊதி ஊதிப் பார்த்து, உடைந்தது போக ஒன்று நின்றது. மந்திரி வீட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். வாழைக்கன்று நான் நட்டுத்தருகிறேன். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிறேன். ராசா அதிரசம் தின்றதற்கு நான் என்ன செய்யமுடியும்?”

சடையாண்டி ராஜாவைக் குனிந்து வணங்கினான்.

“தீர்ப்பு இதுதான் மகாராஜா. விளக்கைக் கண்டுபிடித்தவர் செங்கமலம். பெரியவர்கள் மூவரில் யாருக்காவது குறை உண்டா?”

இல்லவே இல்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ராஜா அவர்கள் முகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கிரீடம் சரிய, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். செங்கமலத்தின் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார்.

மகாராணி செங்கமலத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு, சமையற்கட்டுக்கு இன்னும் நாலு விளக்கு வேண்டும் என்றாள். ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஒரு கணம் திருதிருவென்று விழித்தவர், சபையோடு சேர்ந்து முன்னைவிடப் பலமாகச் சிரிக்கத் தொடங்கினார்.