முப்பத்தாறு பல்

“குருவே, மலை சுலபமா ஏறணும்னா எந்தப் பல்சக்கரம் போடணும்?”

கேட்டவர் ஏட்டு தணிகாசலம். வயது நாற்பத்தி நாலு. குரு, மலையடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரெஜினா. வயது இருபத்தாறு. கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்த ‘குருவே’ ஒரே மாதத்தில் நிஜமாகிவிட்டது. மலை அவரை அந்தப் பாடு படுத்தியிருந்தது.

கன்னியாகுமரிவரை சைக்கிளில் போக ஒரு குழு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. மலை ஏறும்போது கால் தரையில் படக் கூடாது; மூன்றாம் தடவை பட்டால் பெயர் போச்சு. ஏட்டுக்குப் போன இரண்டு ஞாயிறும் பட்டுவிட்டது. லீவு வாங்கியாச்சு, ஸ்டேஷன் முழுக்கச் சொல்லியும் ஆச்சு. நாளைதான் கடைசி.

ரெஜினா பின்சக்கரத்தைக் கழற்றினாள். பழைய பல்சக்கரங்களை எடுத்துவிட்டுப் புது அடுக்கு ஒன்றை மாட்டினாள். ஏட்டு குனிந்து பார்த்தார்.

“என்ன இது, தோசைக்கல்லா?”

“பெரிசுல முப்பத்தாறு பல். பெடல் ஒரு முழுச் சுத்து சுத்தினாலும் சக்கரம் ஒரு சுத்து சுத்தாது.”

“அப்ப எப்படித்தான் போகும்?”

“மெதுவா.”

மறுநாள் விடிந்ததும் ஏறினார்கள். ரெஜினா தன் சைக்கிளில் பின்னால் வந்தாள். அவளுக்கும் பின்னால், நோட்டும் பேனாவுமாக ஸ்கூட்டரில் குழுச் செயலாளர்.

முப்பது வளைவு வெண்ணெயாய்ப் போனது. மூச்சு வாங்கவில்லை. முழங்கால் இருப்பதே தெரியவில்லை. முப்பத்தொன்றாம் வளைவில், தலையில் ரேஷன் அரிசி மூட்டையோடு ஒரு மலைக்கார அம்மா அவரைத் தாண்டி நடந்தாள்.

“ஏட்டய்யாவா? செயின் கழண்டுபோச்சுங்களா?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருந்துமா இப்படி?”

ஏட்டின் மீசை துடித்தது. கட்டைவிரல் தானாகக் கியர் லீவரைத் தட்டியது. கிளிக். செயின், வேகம் கூடிய ஆனால் மிதிக்கக் கனமான ஒரு சின்னச் சக்கரத்துக்கு இறங்கியது. அழுத்தி மிதித்து அந்த அம்மாவைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தார். ரெஜினா அதே நிதானத்தில் மிதித்து வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வளைவில் அதே மூட்டை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் சாலையைச் சுற்றவில்லை. பாறைக்கு இடையில் இருந்த ஒற்றையடிப் பாதையில் நேராக ஏறி வந்திருந்தாள்.

“வந்துட்டீங்களா? பரவாயில்லையே!”

கிளிக்.

அவளை மறுபடி தாண்டினார். முழங்காலுக்குள் யாரோ ஊசி ஏற்றினார்கள். எதிரே இறங்கி வந்த பஸ் வளைவில் ஒதுங்கி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கினார்.

“சார், வண்டிய மேல கட்டிட்டு உள்ள வாங்க! அரை டிக்கெட்தான்!”

பஸ் முழுக்கச் சிரித்தது.

கிளிக்.

நாற்பத்திரண்டாம் வளைவு செங்குத்து. சைக்கிள் நகர்வதா நிற்பதா என்று யோசித்தது. ஹேண்டில் இடமும் வலமும் ஆடியது. வியர்வை கண்ணில் இறங்கியது. ஏட்டு பெரிய சக்கரத்துக்காக லீவரைத் தள்ளினார். தள்ளினார். செயின் கறகறவென்று அரைத்தது; ஏறவில்லை. முழு பாரமும் மிதியில் இருக்கும்போது அது ஏறாது. கொஞ்சம் கால் தளர்த்தினால் ஏறும். தளர்த்தினால் வண்டி சாயும்.

சாய்ந்தது.

வலது கால் தரையில் பட்டது.

ஸ்கூட்டர் நின்றது. செயலாளர் நோட்டைத் திறந்தார். “மன்னிச்சுக்கங்க சார்” என்றபடி அவர் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஏட்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் உடைந்தது.

“பின்னாலேயேதானே வந்தீங்க குருவே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அந்த அம்மா சொன்னது கேட்ட காதுல நான் சொல்றது விழுந்திருக்குமா?”

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு நிமிர்ந்தார்.

“சரி. அடுத்த வருஷம் வருவேன். இதைவிடப் பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க. நாற்பது பல். அம்பது பல்கூட.”

ரெஜினா அவர் சைக்கிளை நிமிர்த்தி, செயினைப் பெரிய சக்கரத்தில் ஏற்றி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“போடலாம் ஏட்டய்யா. ஆனா அதுல இன்னும் மெதுவாப் போகும். எதுக்கும் உங்க மீசைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”