இடது பக்க இருக்கை

பிலோமினா பீளமேட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பெண்ணை எப்படி அப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் தயங்குகிறவர்களும் மறுநாள் கூப்பிட்டுவிடுவார்கள்.

கற்றுக்கொடுக்கும்போது மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். இடது பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தப்புச் செய்தால் அவர் கால் அதை மிதிக்கும், கார் நின்றுவிடும். எதற்காக நின்றது என்பதை ஓட்டுகிறவனே கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

நிரஞ்சனும் முபாரக்கும் அந்தக் காரில்தான் ஓட்டப் பழகினார்கள். ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. படித்து முடித்ததும் இருவரும் சேர்ந்து மலைப்பாதைக் கார் பந்தயங்களுக்கு, ராலிகளுக்கு, போக ஆரம்பித்தார்கள். நிரஞ்சன் ஓட்டுவான். முபாரக் நேவிகேட்டர், இடது பக்கம் உட்கார்ந்து, வரப்போகும் வளைவை முன்கூட்டியே சொல்லுவான்.

அப்படி ஒரு ராலியில், கரடிப்பாறை வளைவில், கார் பள்ளத்தில் இறங்கியது. நிரஞ்சனுக்குத் தோளில் சிராய்ப்பு. முபாரக்குக்கு இடுப்பு உடைந்துபோயிற்று. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் அவனால் நடக்க முடியாது.

அதற்கப்புறம் இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிரஞ்சன் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்தான். ஒரு பொருளைக் காட்ட வேண்டும், ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்றான்.

மாஸ்டர் சர்ச்சிலிருந்து நேரே வந்தார். மாடிப்படி ஏறும்போதே ஒரு செய்தி சொன்னார். ராலி கிளப்பில் புது நேவிகேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். முபாரக் போய்க் கேட்டிருக்கிறான். முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம்.

“வளைவை லேட்டாச் சொன்னவன்கிட்ட எப்படிங்க பசங்களை விடறதுன்னு என்கிட்டயே கேக்கறாங்க,” என்றார்.

படி கொஞ்சம் உயரம், பார்த்து வாங்க என்று மட்டும் நிரஞ்சன் சொன்னான்.

மேல் அறையில் ஓர் இருக்கையும் ஸ்டீரிங்கும் பெடல்களும் இருந்தன. எதிரே பெரிய டிவி. இருக்கையின் மேல் விஆர் ஹெட்செட் இருந்தது. அதன் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அறை மறைந்து காருக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும் என்று நிரஞ்சன் விளக்கினான். டிவியைப் பார்த்து ஓட்டினால் நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். இதில் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் தெரியும். கரடிப்பாறை மலைப்பாதையை, கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஒருவரிடம் சொல்லி, அதற்குள் அப்படியே செய்து வாங்கியிருந்தான். மைல்கல், தடுப்புச் சுவர், வளைவில் சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரம், ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அவன் மாட்டிக்கொண்டு ஓட்டினான். அவன் பார்ப்பதெல்லாம் டிவியிலும் ஓடியது. கரடிப்பாறை வந்தது, கார் சுவரை ஒட்டி அழகாகத் திரும்பிப் போயிற்று. மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினான். அப்போதும் அதே போலத் திரும்பியது.

கழற்றியபோது மூக்குக்கு மேலே ஹெட்செட்டின் தடம் இருந்தது. பதிந்து பதிந்து அந்த இடத்தில் தோல் கறுத்திருந்தது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப ஒரு தடவைகூட தப்பறதில்லைங்க மாஸ்டர். எங்க பிரேக் அடிக்கணும், எங்க திருப்பணும், எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். அப்புறமும் ஏன் மனசு ஆறமாட்டேங்குது?”

“எந்திரி,” என்றார் மாஸ்டர். “நான் ஓட்டறேன்.”

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியோடு ஹெட்செட் மாட்ட வரவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னான்.

“கழட்டினா உன் மலையே தெரியாது கண்ணு.”

பட்டையைத் தளர்த்தி ஒருவழியாக மாட்டிவிட்டான். தலைக்குத்தான் ஹெல்மெட் போட்டுப் பழக்கம், மூஞ்சிக்கு இப்போதுதான் போடுகிறேன் என்றார் மாஸ்டர்.

எல் போர்டு மாட்டியவர் போலத்தான் ஓட்டினார். எதிரே ஒரு வண்டியும் வராத மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் இண்டிகேட்டரைத் தேடினார். நிரஞ்சனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவன் சிரித்ததே இல்லை.

கரடிப்பாறைக்குச் சற்று முன்னால் மாஸ்டரின் கால் பிரேக்கை மிதித்தது. கார் நின்றுவிட்டது.

மாஸ்டரின் அந்த மிதி அவனுக்குத் தெரியும். எதற்காக நின்றது என்று தன்னையறியாமல் யோசிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

மாஸ்டர் மெல்லத் தலையை இடது பக்கம் திருப்பினார். டிவியில் சாலை நகர்ந்து ஒதுங்கியது. மரம் ஒதுங்கியது. இடது பக்க இருக்கை வந்தது. கறுப்பு இருக்கை, தொங்கும் பெல்ட். வேறொன்றும் இல்லை.

நிரஞ்சன் அதை இதுவரை பார்த்ததில்லை. எத்தனையோ தடவை ஓட்டியும், ஒரு தடவைகூட அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாஸ்டர் கையை நீட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“இங்க ஆள் இல்லையே,” என்றார்.

இது ஒருவர் மட்டுமே ஓட்டுவது என்றான் நிரஞ்சன். வளைவு சொல்ல ஒரு குரல் உண்டு, அதை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னான்.

“எதுக்கு?”

“பாதை எனக்கு மனப்பாடம்ங்க.”

“வையி அதை.”

வைத்தான். காரைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் விட்டான். மாஸ்டர் ஓட்டினார். யாரோ ஒருவனின் குரல், வலது பக்கம் கொண்டை ஊசி வளைவு, வேகத்தைக் குறை என்றது. கொஞ்ச தூரம் கழித்துத்தான் வளைவு வந்தது.

“நேரத்துக்குச் சொல்லுதா?”

“சொல்லுதுங்க.”

மாஸ்டர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“என் கார்ல என் பக்கம் பிரேக் இருக்கும். முபாரக் பக்கம்?”

“இல்லைங்க மாஸ்டர்.”

“அவன்கிட்ட என்ன இருந்துச்சு?”

“வாய்தான்.”

மாஸ்டர் ஹெட்செட்டை அவன் கையில் கொடுத்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முபாரக் நிரஞ்சனின் கையைத்தான் பிடித்தான். இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கணும்டா, மன்னிச்சுக்க என்றான். விடுடா என்று நிரஞ்சன் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். விசாரிக்க வந்த கிளப்காரர்களிடமும் முபாரக் அதையே சொன்னான். அப்போதும் நிரஞ்சன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு முபாரக்கைப் பார்க்கப் போகவில்லை. போனால் மறுபடியும் மன்னிப்புக் கேட்பான் என்று பயமாக இருந்தது.

“நேரத்துக்குத்தான் சொன்னான்,” என்றான் நிரஞ்சன். “எனக்குக் கேட்டுச்சு. அந்த வேகத்துலயே திருப்பிடலாம்னு நினைச்சேன்.”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நிரஞ்சன் போனை எடுத்தான். கிளப்புக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றான்.

“சொல்லு. அதுக்கு முன்னாடி முபாரக்கிட்டப் போ.”

“அவன்கிட்ட என்னத்தைங்க சொல்றது? வளைவைச் சொன்னவனே அவன்தானே.”

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“சொன்னது அவனுக்குத் தெரியும் கண்ணு. அது உன் காதுல நேரத்துக்கு விழுந்ததுதான் அவனுக்குத் தெரியாது.”