ஆவுடையப்பன் காசு கொடுக்காமல் பட்டணம் பார்த்தது

ஆலடிக்குறிச்சி ஆவுடையப்பனைச் சொன்ன சொல் கேளாதவர் என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்னதைக் கேட்பார். சொன்னபடியே கேட்பார். இதை ஏன்தான் இவரிடம் சொன்னோமோ என்று சொன்னவர் நொந்துகொள்ளும்வரை கேட்பார். அவர் மனைவி சொர்ணத்தம்மாளும் அப்படித்தான். தம்பி மாசானம் இவர்கள் இருவரையும் பார்த்தே வளர்ந்தவன், ஆகவே அவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினார்கள். வந்த காரியம் பெரியது. ஆவுடையப்பனின் அக்கா மகள் செண்பகம், தாய் தகப்பன் இல்லாமல் இவர் வீட்டில் வளர்ந்தவள், சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவந்தாள். அங்கே அவளுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு பேசிப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றுவிட்டார். அந்தப் பெரியவர் ஆவுடையப்பன்.

ரயிலில் அவர் கண்ணை மூடவில்லை. "அவ அப்பன் இருந்து செய்யவேண்டிய காரியம்ல இது. நான் ஏதாவது கோட்டை விட்டுட்டா அந்தப் பிள்ளை மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாசானத்தை எழுப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

செண்பகம் இட்லிப் பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அவள் தங்கியிருந்தது பெண்கள் விடுதி, மாமாக்களை உள்ளே விடமாட்டார்கள். அவளுக்கோ சாயங்காலம்வரை வேலை.

"மாமா, அஞ்சு மணிக்கு மெரினாவில உழைப்பாளர் சிலைகிட்ட வந்திருங்க. மாப்பிள்ளையும் அவங்க அப்பாவும் அங்கதான் வாராங்க. அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க. பார்க், லைப்ரரி எல்லாம் சும்மாவே பாக்கலாம். யாருக்கும் ஒரு பைசா கொடுத்து ஏமாந்திராதீங்க. எங்க போனாலும் போர்டுல என்ன போட்டிருக்கோ அதன்படி நடந்துக்கோங்க. போதும்."

"அவ்வளவுதானே தாயி?" என்றார் ஆவுடையப்பன். அவருக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

முதலில் பூங்காவுக்குப் போவதென்று பஸ் ஏறினார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று சொர்ணத்தம்மாளை உட்காரச் சொன்ன கண்டக்டர், ஆண்கள் இருவரிடமும் கையை நீட்டினார். ஆவுடையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். செண்பகம் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"நீ உக்காந்து வா. நாங்க கூடவே ஓடி வாரோம்."

ஓடினார்கள். இரண்டு தெரு தாண்டியதும் பஸ் ஒரு சிக்னலில் நின்றது. அதற்கப்புறம் ஒரு பள்ளத்துக்காக நின்றது. பிறகு எதற்கென்றே தெரியாமல் நின்றது. ஜன்னல் வழியாகச் சொர்ணத்தம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்ட, அண்ணனும் தம்பியும் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"இன்னாமா, யாரு அந்த ரெண்டு பேரு?" என்றார் கண்டக்டர்.

"எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும். காத்தோட்டமா வாராக."

பூங்கா வாசலில் சொர்ணத்தம்மாள் வந்து இறங்கியபோது இருவரும் ஏற்கெனவே வேர்வை ஆறி, வாசல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "எங்கட்டி போனே இவ்வளவு நேரமா?" என்று ஆவுடையப்பன் கோபித்துக்கொண்டார்.

பூங்காவின் நடுவில் பெரிய வாகைமரமும் அதன் நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சும் இருந்தன. இட்லி சாப்பிட அருமையான இடம். ஆனால் இவர்கள் நின்ற இடத்துக்கும் மரத்துக்கும் நடுவே பச்சைப்பசேலென்று புல்தரை. அதன் ஓரத்தில் ஒரு போர்டு: புல்லின் மேல் நடக்காதீர்கள்.

மூன்று பேரும் போர்டுக்கு முன்னால் நின்று யோசித்தார்கள்.

"ஓடலாமா அண்ணாச்சி?" என்றான் மாசானம்.

"ஓட்டம்கிறது வேகமா நடக்கிறதுதானேடா. அது ஏமாத்து."

"தவழ்ந்து போவமா?"

"தவழ்றது குழந்தை நடக்கிற நடை. அதுவும் நடைதான்."

சொர்ணத்தம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "உருண்டு போனா நடையில சேராதுல்லா?"

ஆவுடையப்பன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். சேலையை இறுக்கிக் கட்டி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, இட்லிப் பொட்டலத்தை மாசானம் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, மூவரும் வரிசையாகப் படுத்து உருளத் தொடங்கினார்கள்.

காவலாளி விசிலை வாயில் வைத்தபடி ஓடி வந்தார். "யோவ், போர்டைப் பாக்கல?"

"பாத்துட்டுத்தானய்யா உருளுதோம்" என்றது கீழேயிருந்து ஆவுடையப்பனின் குரல்.

காவலாளி போர்டைப் போய்ப் படித்தார். மறுபடியும் படித்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்தச் சாமிக்கு வேண்டுதல்?" என்று ஒருவர் கேட்க, "நிழலுக்கு" என்றான் மாசானம். இவர்கள் இட்லி தின்று முடித்து அதே வழியில் உருண்டு திரும்பியபோது, வாகைமரத்தின் அடியில் யாரோ குங்குமம் வைத்துப் பூவும் சாத்தியிருந்தார்கள்.

அடுத்தது லைப்ரரி. உள்ளே நுழைந்ததுமே பெரிய எழுத்தில் ஒரு போர்டு: அமைதி காக்கவும்.

ஆவுடையப்பனின் முகம் மாறிவிட்டது. "காக்கணும்னு போட்டிருக்கு. அப்ப இங்க அமைதிக்கு ஏதோ ஆபத்து இருக்கு."

"நம்மளையா காக்கச் சொல்லுறாக? நாம வெளியூருல்லா?" என்றான் மாசானம்.

"வெளியூர்க்காரன்னு பாக்காம நம்பி ஒப்படைச்சிருக்காகடா. செண்பகத்துக்குத் தலைகுனிவு வரப்படாது. நான் வாசல். நீ ஜன்னல் பக்கம். உங்க மைனி நடுவுல சுத்தி வரட்டும்."

குடையைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்திக்கொண்டு அவர் வாசலில் விறைப்பாக நின்றார். கிறீச்சிட்ட மின்விசிறியை மாசானம் நிறுத்தினான். பேப்பரின் பக்கத்தைப் புரட்டியவர்களின் பின்னால் சொர்ணத்தம்மாள் போய் நின்று, அவர்கள் மூடி வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு பெரியவர் லேசாக இருமினார்.

"சத்தம் போடாதீரும்!" என்று மாசானம் போட்ட சத்தத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன.

ஆவுடையப்பன் வாசலிலிருந்து திரும்பினார். அமைதியைக் கெடுத்தது யாரென்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூடப்பிறந்தவன் என்று மனசு ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். "என்னைக் காவலுக்கு வச்சதே நீருதானே!" என்று அவன் கத்த, "கடமைன்னு வந்துட்டா தம்பி என்ன, தகப்பன் என்ன!" என்று இவர் கத்த, "ரெண்டு பேரும் மெதுவா!" என்று சொர்ணத்தம்மாள் கத்தினாள்.

நூலகர் விவரமானவர். கோபப்படவில்லை. அருகில் வந்து, "ஐயா, உங்க முறை முடிஞ்சுது. இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆவுடையப்பன் அமைதியை அவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டு, கும்பிட்டு விடைபெற்றார்.

லைப்ரரிக்கு வெளியே, வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் சின்னக் கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தார். பழைய கட்டடங்களைக் காட்டி விளக்கம் சொல்லும் நடைப்பயணமாம். கட்டணம் கிடையாதாம். மூவரும் சேர்ந்துகொண்டார்கள்.

"எல்லாரும் என் பின்னாலேயே வரணும். பாதியில யாரும் விட்டுட்டுப் போயிடக்கூடாது" என்றார் அந்தப் பெரியவர்.

"மாட்டோம்" என்றார் ஆவுடையப்பன். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் கட்டடத்தில் சிலர் இளநீர்க் கடைக்கு ஒதுங்கினார்கள். இரண்டாவது கட்டடத்தில் சிலர் செல்போனில் பேசிக்கொண்டே மறைந்தார்கள். கடைசியில், இடிந்த ஒரு சுவருக்கு முன்னால் நின்று அவர் நெஞ்சுருகப் பேசியபோது, எதிரில் நின்றது மூன்று பேர்தான். அந்த மூன்று பேரும் இமைக்காமல் கேட்டார்கள்.

"ரொம்ப நன்றி. இத்தோட முடிஞ்சுது. நாம கிளம்பலாம்" என்றார்.

"கிளம்புவோம்யா" என்று மூவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு, அவர் கிளம்பக் காத்து நின்றார்கள்.

அவர் டீக்கடைக்குப் போனார். திரும்பிப் பார்த்தால் மூவரும் நிற்கிறார்கள். முடிதிருத்தும் கடைக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தார். எதிரே கண்ணாடியில் அவர் தலைக்குப் பின்னால் இன்னும் மூன்று தலைகள் தெரிந்தன. "சார், உங்க ஆளுங்களா?" என்று கடைக்காரர் கேட்க, அவர் பாதிச் சவரத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். முழுதும் முடிந்ததும் வெளியே வந்து வேகமாக நடந்தார். இவர்களும் வேகமாக நடந்தார்கள். அவர் ஒரு சந்தில் திரும்பினார். இவர்களும் திரும்பினார்கள்.

அப்போதுதான் மாசானம் ஒரு கடைக்குள்ளே கடிகாரத்தைப் பார்த்தான். "அண்ணாச்சி, அஞ்சாகப் போகுது."

ஆவுடையப்பன் நடையை விடவில்லை. நடந்துகொண்டே பேசினார்கள்.

"இவர விட்டுட்டு ஓடிருவமா?"

"பாதியில விடமாட்டோம்னு வாய்விட்டுச் சொன்னது நான்தானேடா."

"செண்பகத்துக்கும் வாரோம்னு சொல்லியிருக்கோமே" என்றாள் சொர்ணத்தம்மாள்.

"அதான்ட்டி எனக்குப் புரியல. ஒருத்தருக்குக் கொடுத்த வார்த்தையை மீறி இன்னொருத்தர் முன்னால போய்ச் சம்பந்தம் பேசினா, அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?" அவர் கண் கலங்கிவிட்டது. அக்கா மகளின் வாழ்க்கை இப்படி ஒரு இடிந்த சுவரில் வந்து முட்டிக்கொள்ளும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. "அவர்கிட்ட சிலைப் பக்கம் போகச் சொல்லிக் கேட்டுப் பாப்போம்."

"ஐயா!" என்று கூப்பிட்டபடி கையை நீட்டிக்கொண்டு அவர் இரண்டு எட்டு வேகமாக வைத்ததும், முன்னால் போனவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டார். இவர்களும் ஓடினார்கள். கடற்கரைச் சாலையைத் தாண்டி, நேராக உழைப்பாளர் சிலையடியில் போய்த்தான் அவர் நின்றார்.

"எவ்வளவு நல்ல மனுஷன் பாத்தியா? கேக்கதுக்கு முன்னாலயே கொண்டுவந்து விட்டுட்டாரே!" என்றார் ஆவுடையப்பன் மூச்சிரைக்க.

சிலையடியில் செண்பகமும் ஒரு இளைஞனும் நின்றிருந்தார்கள். பெரியவர் அந்த இளைஞனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இளமாறா, போலீஸுக்குப் போன் போடு. மூணு பேர் மத்தியானத்திலேர்ந்து என்னை விடாம துரத்துறாங்கடா!"

"அப்பா, யாரு?" என்றான் இளமாறன்.

"மாமா!" என்றாள் செண்பகம்.

செண்பகம் காலையில் பார்க்கைச் சொன்னாள், லைப்ரரியைச் சொன்னாள், நடைப்பயணத்தை மட்டும் சொல்லாமல் விட்டாள். அதை நடத்துகிறவர் மாப்பிள்ளையின் அப்பா கிருபாகரன். மாமாவை அவர் எவ்வளவு குறைந்த நேரம் பார்க்கிறாரோ அவ்வளவுக்கு நல்லது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"ஏன் மாமா இவங்களைத் துரத்துனீங்க?" என்று அவள் கேட்டாள்.

"பின்னாலேயே வரச் சொன்னாரே தாயி. விட்டுட்டுப் போகக்கூடாதுன்னாரே. நாங்க விடல. அதுல ஏதும் குறை உண்டா?" என்று ஆவுடையப்பன் கைகட்டி நின்றார்.

கிருபாகரன் அவரை வெகுநேரம் பார்த்தார். வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். பாடம் நடத்திய காலத்தில் பின்பெஞ்சு தூங்கிற்று. நடைப்பயணத்தில் கூட்டம் கரைந்தது. வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் இளமாறன் காதில் எதையாவது செருகிக்கொள்வான்.

"நான் சொன்னதை இத்தனை கவனமா யாரும் கேட்டதே இல்லை" என்றார். "இந்தக் குடும்பத்துப் பொண்ணுதான் என் வீட்டுக்கு வரணும். எங்களுக்குப் பூரண சம்மதம். சம்பந்தி, முறைப்படி இப்பவே கை நனைச்சிடுவோம்." என்று, சம்பந்தம் முடிந்தால் சேர்ந்து சாப்பிடும் வழக்கப்படி, பக்கத்திலிருந்த சுண்டல் வண்டியைக் காட்டினார்.

ஆவுடையப்பன் வண்டியைப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது. தம்பியைத் தனியே அழைத்தார்.

"மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கணும்னா நம்ம செலவுல, நம்ம ஏற்பாட்டுல நனைக்கணும். ஊருக்கா கூட்டிட்டுப் போக முடியும்?"

"எதுக்கு அண்ணாச்சி ஊருக்கு? இங்க தண்ணிக்கா பஞ்சம்?" என்று மாசானம் கடலைக் காட்டினான்.

"எல்லாருக்கும் காணுமா?" என்றாள் சொர்ணத்தம்மாள். மூவரும் கடலை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, காணும், எல்லாருக்கும் போதும் என்று முடிவு செய்தார்கள்.

ஆவுடையப்பன் ஒரு கையில் சம்பந்தியையும் மறு கையில் மாப்பிள்ளையையும் பிடித்து, மணலைக் கடந்து கடலுக்குள் அழைத்துப் போனார். "நல்லா தாராளமா நனைங்க. கூச்சப்படக் கூடாது" என்று உபசரித்தார். குனிந்து கையை நனைத்த நேரம் பார்த்துப் பெரிய அலை ஒன்று வந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் போயிற்று.

அலை வடிந்ததும் கிருபாகரன் எழுந்து நின்றார். வாய் நிறைய இருந்ததைத் துப்பிவிட்டு, முகத்தைச் சுளித்து நாலைந்து தரம் காறினார்.

ஆவுடையப்பன் அந்த முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். விரலைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நனைந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெண் வீட்டாருக்குரிய பணிவோடு குனிந்து சொன்னார்:

"கோவிச்சுக்கிடக் கூடாது சம்பந்தி. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."