கோதுமை வயலும் ஓடைக்காவலும்

மேற்கே, பனி கொட்டும் தேசத்தில் ஒரு பெரிய காடு. அதன் ஓரத்தில் இருந்த கோதுமை வயல்கள் எல்லாம் ஒரு கரடிக்குச் சொந்தம். கோதுமைத் தாளைப் பல்லால் கடித்து அறுப்பது முயல்களின் வேலை. இருபது கட்டு அறுத்தால் ஒரு பிடி கோதுமை கூலி. யாராவது முணுமுணுத்தால் கரடி உறுமும்: "பிடிக்கலையா? போ! உன் இடத்துக்கு நூறு முயல் நிக்குது!"

அப்புறம் கொள்ளைநோய் வந்தது. ஐயோ பாவம், வளைக்கு வளை அழுகை! நோய் ஓய்ந்தபோது முயல்களில் பாதிதான் மிச்சம். சாம்பி என்ற முயல் புருஷனையும் மூன்று குட்டிகளையும் பறிகொடுத்தது. ஒரு குட்டி மட்டும் பிழைத்தது, அதுவும் எலும்பும் தோலுமாக.

அறுவடைக்கு வந்த சாம்பி கரடியிடம் துணிந்து கேட்டது. "எசமான், இப்போ ஒவ்வொருத்தரும் ரெண்டு பேர் வேலை செய்யறோம். மூணு பிடி குடுங்க. என் குட்டி வயிறாரச் சாப்பிட்டு மாசக்கணக்காச்சு!"

கரடி நரியைப் பார்த்தது. நரிதான் மந்திரி. தன்னைப்போல் புத்திசாலி யாரும் இல்லை என்று அதற்கு நினைப்பு!

"சட்டம் போடுங்க எசமான்! நோய்க்கு முன்னால என்ன கூலியோ, இப்பவும் அதேதான். வயலை விட்டு யாரும் போகவும் கூடாது!"

சட்டம் வந்தது. அன்றைக்கே ஐந்து முயல்கள் வயலோர ஓடையைத் தாண்டி, அக்கரையில் இருந்த ஒரு மானின் வயலுக்கு ஓடிவிட்டன. மானுக்கும் ஆள் பஞ்சம். அது நாலு பிடி கொடுத்தது.

"ஓடையில் காவல் போடுங்க!" என்றது நரி.

காவலுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? முயல்கள்தான்! வயலில் இருந்த முயல்களில் பத்து காவலுக்குப் போயின. அவற்றில் இரண்டு ஓடின. மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள இன்னும் பத்து போயின. இப்படியே போய், கரை நிறையக் காவல், வயலில் சாம்பி மட்டும்! ஓடையைத் தாண்டக் குட்டிக்குத் தெம்பில்லை. அதனால்தான் சாம்பி ஓடிப்போகவில்லை.

அப்போது வானம் கறுத்தது.

"ஐயையோ! நனைஞ்சா கதிரெல்லாம் முளைச்சிடுமே!" என்று கரடி தானே வயலில் இறங்கியது. மிதித்து நாசமாக்கியதுதான் மிச்சம். நரி ஒரு தாளைக் கடித்துவிட்டுப் பல் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டது.

கரடி சாம்பியிடம் ஓடி வந்தது. "அம்மா, நீ கேட்ட மூணு பிடி தரேன். நான் கூப்பிட்டா ஓடையைத் தாண்டி ஓடிடுவாங்க, நீ எல்லாரையும் கூப்பிடு!"

சாம்பி அதோடு விடவில்லை. கூலியை ஏற்றிக் கேட்டது. "நாலு பிடி! காவலையும் எடுங்க. இருக்கணும்னு நினைக்கிறவங்க இருப்பாங்க!"

"சரி, சரி! சீக்கிரம்!"

சாம்பி கூப்பிட்டதும் கரையில் இருந்த முயல்கள் எல்லாம் வயலுக்குப் பாய்ந்தன. கட்டுகளைச் சுமக்கும் வேலை நரிக்கு! தூறல் விழுவதற்குள் மீதிக் கோதுமை முழுவதும் களஞ்சியத்துக்குப் போய்விட்டது.

அன்று சாம்பியின் குட்டி மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றது. செத்துப்போனவர்களை நினைத்துச் சாம்பி கொஞ்ச நேரம் அழுதது. பிறகு, குட்டியின் உப்பிய வயிற்றைத் தடவிக்கொண்டே, தானும் திருப்தியாகச் சாப்பிட்டது.

உழைப்பவரைக் காவல் போட்டு நிறுத்திவைக்க முடியாது, வயிறு நிறையக் கொடுத்தால் அவர்களே நிற்பார்கள்.