யார் கையும் படாத கூறைப்புடவை

புடவைக்கடையை அடைக்கும் நேரத்தில் வெளிக்கதவை எதுவோ கரகரவென்று சுரண்டியது. திறந்து பார்த்தால், வெள்ளிப்பூண் கைத்தடியோடு மிராசுதார் அரங்கசாமி. பின்னால் அவர் மனைவி கோமளம்.

"வரப்போற மருமகளுக்குக் கூறைப்புடவை வேணும். அவளுக்கு முன்னாடி அதுல யார் கையும் பட்டிருக்கக் கூடாது. இந்த ஊர்ல ஒரு கடையிலயும் இல்லையாம்!" என்றார் மிராசுதார்.

புடவை மடிக்கும் பவுனம்மாவின் காதில் முதலாளி கிசுகிசுத்தார்: "இவர் வாங்காமப் போனா, நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

பவுனம்மா பணிவாகக் கேட்டாள்: "ஐயா, தாலி கட்டறதுக்கு முன்னாடி கூறைப்புடவையைத் தட்டுல வச்சுப் பந்தல் முழுக்கக் கொண்டு போவாங்களே, அதை நிறுத்திடச் சொல்லலாங்களா?"

"அதெப்படி? பெரியவங்க தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும். முதல்ல தொடறதே நான்தான்!"

"அப்போ நீங்க தொட்ட புடவையைப் பொண்ணு கட்டலாங்களா, கூடாதுங்களா?"

கோமளத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காலையிலேர்ந்து கடை கடையா ஏறி இறங்கி என் கால் ஓய்ஞ்சு போச்சு. அந்த அரக்குக் கலரை எடும்மா."

"அடுத்த தெருவுல இன்னொரு கடை..." என்று மிராசுதார் வாசல் பக்கம் திரும்பினார்.

அதற்குள் கோமளம் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.