மடைக்காரனுக்காகப் பேசியவர்

ஏரி நிறைந்தால் நாடு சிரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செங்கழனி என்ற நாட்டை இளஞ்சேந்தன் என்ற அரசர் ஆண்டுவந்தார்.

அவர் சபையில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் நியாயத்தை எடுத்துச் சொல்லத் தெரியாவிட்டால், அவருக்காக வேறொருவர் பேசலாம். அப்படிப் பேசுகிறவரை வழக்குரைஞர் என்றார்கள். ஊரில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். வளவனார் பேசினால் கல்லும் கலங்கும். ஆதனார் படிக்காத சட்டச் சுவடி கிடையாது. மூன்றாமவர் பூதனார். அவருக்குக் குரலும் சிறியது, பெயரும் சிறியது.

ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. பெரிய ஏரியின் மடையைக் காத்துவந்தவன் தாமன். மூன்றாம் நாள் விடியலில் அவன் தண்ணீருக்குள் மூழ்கி மடையை முழுதாகத் திறந்துவிட்டான். கதிர் முற்றி நின்ற அரசரின் வயல்கள் அத்தனையும் நீரோடு போயின. அரண்மனையின் ஓராண்டு நெல் அது.

ஆணையில்லாமல் மடையைத் திறந்தவனுக்கு, குடும்பத்தோடு நாடு கடத்துவது தண்டனை. தாமனுக்கு மனைவியும் நடக்கப் பழகும் பெண் குழந்தையும் இருந்தார்கள். ஏன் திறந்தாய் என்று கேட்டபோது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நான்தான் திறந்தேன்." அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அரசர் இரக்கமுள்ளவர். மூன்று முறை வழக்கைக் கேட்கிறேன் என்றார்.

முதல் முறை வளவனார் எழுந்தார். தாமனின் குழந்தையைப் பற்றி அவர் பேசப் பேச, சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அரசரும் துடைத்துக்கொண்டார். பிறகு, அவன் ஏன் திறந்தான் என்று கேட்டார். வளவனாருக்கு அது தெரியாது. தாமனைச் சிறையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை ஆதனார் சுவடியை விரித்தார். ஆபத்து வந்தால் ஆணைக்குக் காத்திராமல் மடையைத் திறக்கலாம் என்ற விதியைக் காட்டினார். நல்ல விதிதான், ஆனால் என்ன ஆபத்து வந்தது என்று அரசர் கேட்டார். ஆதனார் சுவடியைப் புரட்டினார். அதற்கான விடை சுவடியில் இல்லை.

மூன்றாம் முறை பூதனார் எழுந்து, ஒரு வார அவகாசம் மட்டும் கேட்டார். கொடுத்தார்கள்.

முதல் நாள் சிறைக்குப் போனார். தாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூதனார் கேள்வி கேட்கவில்லை. குழந்தை நேற்று நான்கு அடி நடந்தாள் என்று அவன் மனைவி சொன்னதைச் சொல்லிவிட்டு, அந்தி சாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டாம் நாளும் போனார். இந்த முறை தாமனே கேட்டான்.

"நான் சொல்வதை அரசரிடம் சொல்லிவிடுவீர்களா, ஐயா?"

"உனக்காகப் பொய் சொல்லமாட்டேன், தாமா. ஆனால் நீ சரி என்று சொல்லாமல் ஒரு வார்த்தைகூட வெளியே போகாது."

தாமன் அழுதுவிட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அன்று விடியலில் கரையின் வெளிப்புறத்தில், அடிவாரத்தில் சேற்றுநீர் கசிவதை அவன் கண்டான். இன்னும் ஒரு நாழிகை போயிருந்தால் கரை உடைந்திருக்கும். கீழே இருந்த நான்கு ஊர்களும் மூழ்கியிருக்கும். அதனால்தான் திறந்தான். ஆனால் கசிவுக்கு நேர் மேலே, கரையில் புதருக்குள் ஒரு குழி இருந்தது. பானை வனைய மண்ணுக்காக அதைத் தோண்டியவன் அவனுடைய தங்கை அல்லியின் கணவன். கரையில் மண் எடுப்பது பெரும் குற்றம். அல்லி அப்போது நிறைமாதமாக இருந்தாள். கசிவைச் சொன்னால் காரணம் தேடுவார்கள், குழியும் வெளிப்பட்டுவிடும்.

"நாங்கள் போய்விடுகிறோம், ஐயா. அவள் இங்கே நன்றாக இருக்கட்டும்," என்றான் தாமன்.

பூதனார் அதையே நினைத்தபடி வீடு திரும்பினார். நான்கு ஊரைக் காப்பாற்றியவன் நாட்டை விட்டுப் போகிறான். ஆனால் கொடுத்த வாக்கை மீற அவருக்கு மனமில்லை. குழியை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்பது மட்டும் அவரை உறுத்தியது.

மறுநாள் தனியாகக் கரைக்குப் போனார். குழியில் இறங்கி, முழங்கால்வரை சேறாகி, கையால் தடவிப் பார்த்தார். இறுகிய களிமண். ஏரியிலிருந்து மூன்று குடம் நீர் மொண்டு அதில் ஊற்றினார். அடுத்த நாள் வந்து பார்த்தபோது நீர் அப்படியே நின்றது. அந்தக் குழி நீரைக் கசியவிடவில்லை.

அப்படியானால் நீர் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. கரையை அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஏரிப் பக்கம், புல்லுக்குள் ஒரு பனையின் அடிக்கட்டை கிடந்தது. எந்தக் காலத்துப் புயலிலோ மரம் விழுந்திருந்தது. மண்ணுக்குள் வேர்கள் மட்கி, பொந்தாகியிருந்தன. வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவந்து நீரில் கரைத்து, அந்தப் பொந்தில் ஊற்றினார். முதல் குடம் மறைந்தது. இரண்டாம் குடமும் மறைந்தது. மூன்றாம் குடத்தை ஊற்றிவிட்டு மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தார். தாமன் சொன்ன அதே இடத்தில் மஞ்சள் நீர் மெல்லக் கசிந்து வந்தது.

பூதனார் கசிவின் ஓரத்தில் ஒரு கோலை நட்டு அடையாளம் வைத்தார்.

மூன்றாம் முறை சிறைக்குப் போய்ச் சொன்னபோது, தாமனால் உடனே நம்ப முடியவில்லை.

"அப்படியானால் அவன் தோண்டியதால் இல்லையா?"

"இல்லை. இரண்டு இடத்திலும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். குழியைப் பற்றி அரசரிடம் நாம் சொல்லத் தேவையே இல்லை. நீ கண்டதையும் செய்ததையும் மட்டும் சொல். நீயே சொன்னால் இன்னும் நல்லது. நான் பக்கத்தில் நிற்கிறேன்."

வழக்கு நாளில் பூதனார் அரசரை ஏரிக்கரைக்கு அழைத்தார். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. மஞ்சள் நீர் போன இடத்தையும் வந்த இடத்தையும் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். தாமன் முன்னே வந்து, அன்று விடியலில் கண்டதைத் தன் வாயால் தட்டுத் தடுமாறிச் சொன்னான். அரசர் கீழே தெரிந்த நான்கு ஊர்களையும் பார்த்தார். அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"என் நெல் போனது. என் குடிகள் இருக்கிறார்கள்," என்றார் அரசர். தாமனின் கையைக் கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார். பனையின் வேரைத் தோண்டி எடுத்துக் கரையை அடைக்க அன்றே ஆட்கள் வந்தார்கள்.

பத்து நாள் கழித்து அல்லிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன தாமனிடம் அவள் கணவன், கசிவைக் கண்டதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று கோபித்துக்கொண்டான். வாய் வரவில்லை என்றான் தாமன். பிறகு, இனி கரையைத் தொடாமல் ஏரிக்குள் வற்றிய இடத்தில் மண் எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னான்.

பூதனார் அந்தக் குழியைப் பற்றிக் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, தலை நரைத்த தாமனே சொல்லித்தான் ஊருக்கு இந்தக் கதை தெரிந்தது.

ஒருவருக்காகப் பேச நிற்பவர், முதலில் அவர் நம்பித் திறக்கும் மனதைப் பொறுமையாகக் கேட்டு, உண்மையைத் தானே தேடிப் போய்ப் பார்த்த பிறகே பேச வேண்டும்.