டைப்ரைட்டர் அல்ல

உலகம்மை டீச்சரிடம் சி என்கிற கணினி மொழி கற்க இரண்டு பேர். சுடலையாண்டி, அணையில் இருபது வருஷம் மதகு இயக்கியவர், டீச்சரைவிட மூத்தவர். மற்றவள் ஜெரினா. வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அணையின் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்லும் புரோகிராமை இருவரையும் எழுதச் சொன்னார் டீச்சர். அணைக்கு ஜெரினாவுடையதை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாள் சுடலையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் வந்து நின்றார்.

"என் அணை, டீச்சர். அவ அதைக் கண்ணால பார்த்திருப்பாளா? எழுதினதுல பாதி வரி பிழை சொல்றதுக்கே போச்சு."

"உங்களுது பிழை சொல்லாதா, அண்ணாச்சி?"

"சொல்லும். கட்டம் கட்டி, அழகாச் சொல்லும்."

டீச்சர் நீர்மட்ட ஃபைலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டினார். வருகிற பதில் திரைக்குப் போகாமல் இன்னொரு ஃபைலில் விழும்படி செய்தார். இரண்டையும் அந்த அரதப் பழைய இயந்திரத்தில் ஓட்டினார்.

ஜெரினாவுடையது ஒரே வரி: 'நீர்மட்ட ஃபைலைத் திறக்க முடியவில்லை. அனுமதி இல்லை.'

சுடலையாண்டியுடையது நட்சத்திரக் கட்டம், வணக்கம், வருந்துகிறோம். கடைசியில்: 'காரணம்: இது டைப்ரைட்டர் அல்ல.'

"டைப்ரைட்டரா? அது எங்கேருந்து வந்துச்சு?" அவர் குரல் எகிறியது. "மெஷினுக்கும் அவளைத்தான் பிடிச்சிருக்கு."

"திறக்கலைன்னதும் காரணத்தை ஒரு எண்ணா மெஷின் வச்சுது. அந்த எண்ணை வைக்க இருக்கிறது ஒரே இடம். உடனே எடுத்தீங்களா?"

"கட்டம் போட்டுட்டு எடுத்தேன்."

"கட்டம் போடும்போது, எழுதுற இடம் திரையான்னு மெஷின் பார்த்துச்சு. திரைக்கு இந்தப் பழைய மெஷின் வச்ச பேர் டைப்ரைட்டர். ஃபைலுக்குத் திருப்பிட்டதால இல்லைன்னு இன்னொரு எண் வந்துச்சு. அது பழைய எண் மேல ஏறிடுச்சு."

"இது அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"இதுக்கு முன்னாடி அவளுதை மூணு தடவை வேண்டாம்னு தள்ளினேன். தள்ளின நிமிஷமே ஏன்னு கேட்டா."

டீச்சர் சுடலையாண்டி பக்கம் திரும்பினார்.

"உங்களுதைத் தள்ளின அன்னிக்கு நீங்க என்ன பண்ணினீங்க, அண்ணாச்சி?"

"அவ எழுதினதை வாங்கிட்டுப் போய் வரி வரியாப் படிச்சேன். நேத்து வரைக்கும். ரெண்டு தப்பு இருக்கு, சொல்லட்டுமா?"

"உங்களுதுல எத்தனை?"

அவர் அந்த இரண்டு தப்பைக் குறித்த தாளை எடுத்து நீட்டினார்.

"காரணத்தைக் கேக்காம நாலு நாளாக் கட்டம் போட்டிருக்கீங்க," என்றார் டீச்சர்.